மதியை யாரும் எழுப்பவில்லை

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டால் நான் அவரை எழுப்பிவிடுகிறேன். "சார், இது எந்த ஸ்டாப்?" என்று ஏதாவது கேட்பேன். அவர் எரிச்சலோடு பதில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வந்த பழக்கம் இது. எப்படி வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் என் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் தூங்குகிறார்கள்.

என் பெயர் எழிலரசன். பெயரைக் கேட்டாலே அப்பா எந்த மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர் என்று தெரிந்துவிடும். அவர் மஸ்கட்டில் இருக்கிறார். நான் பி.இ. முடித்துவிட்டு நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மாவோடு இருந்தேன். வேலை கிடைக்கவில்லை, ஆனால் சும்மாவும் இல்லை. வயல்களுக்குள் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தவர்களை எதிர்த்து ஊர் ரோட்டோரம் பந்தல் போட்டது. அதற்கு வாட்ஸ்அப் குழு தொடங்கியது நான், துண்டறிக்கை எழுதியது நான், கரை வேட்டிக் கட்சிக்காரர்கள் வந்து மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்களே, அவர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுத்ததும் நான். ஒரு கட்சி ஆட்சியில் கையெழுத்தான திட்டம் இன்னொரு கட்சி ஆட்சியில் குழாயாக வந்து இறங்கியது. இரண்டு தரப்பும் பந்தலுக்கு வந்து அடுத்தவரைத் திட்டிவிட்டு டீ குடித்துப் போகும்.

மதியழகன் என் கூட்டாளி. ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாங்கள். அவன் வீட்டில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள். குழாய் போவது அந்த நிலத்தின் நடுவே. இழப்பீடு வந்தால் கோயில் கணக்கில் சேரும். சேற்றில் நிற்பவனுக்கு ஒன்றும் இல்லை. இதை மைக்கில் ஆவேசமாகப் பேசுவது நான். யாருக்காகப் பேசுகிறேனோ அவன் பின்வரிசையில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருப்பான்.

மாத்திரை எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய கதை எதுவும் இல்லை. மூட்டை தூக்கி மதிக்கு முதுகுவலி. யாரோ ஒருவன் வலி மாத்திரை என்று கொடுத்தான். வலி போனது. அதோடு மனதில் கிடந்த பாரமும் கொஞ்சம் இறங்கியது என்று மதி சொன்னான். எனக்கு முதுகுவலி கிடையாது. ஆனால் நிற்காமல் ஓடுகிற தலை ஒன்று உண்டு. மாத்திரை போட்டால் அது அரைநாள் சும்மா இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கக் கூடாத மாத்திரை அது. எங்களுக்குக் கிடைத்தது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சாராயம் குடித்தால் வீட்டில் வாடை தெரியும், கஞ்சா என்றால் ஊர் பேசும். மாத்திரைக்கு வாடையும் இல்லை, பேச்சும் இல்லை. மாத்திரை தின்கிறவனைப் பார்த்தால் "உடம்புக்கு என்னப்பா?" என்று இரக்கத்தோடுதான் கேட்பார்கள்.

எங்கள் ஊர் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது பாதி மூச்சு போயிருக்கும். அதனால் வாய்க்காலில் முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்று இந்த வயலுக்கு, நாளை அந்த வயலுக்கு. ராத்திரி முறை வந்தால் மடையிலேயே ஆள் காவல் கிடக்க வேண்டும், கண் அசந்தால் மேலே இருப்பவன் அடைத்துத் தன் பக்கம் திருப்பிவிடுவான். அப்படி ராத்திரி முறை பார்த்தவன் விடியலில் வீட்டுக்கு வந்து படுத்தால் அவனை எழுப்பவே கூடாது. யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அவன் தூங்குகிற வீட்டில் பாத்திரம் உருளாது. வாசலில் வந்து நிற்பவரிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

அன்று மதிக்கு ராத்திரி முறை. துணைக்கு நானும் போனேன். அவனிடம் புதிதாக ஒரு மாத்திரை அட்டை இருந்தது. வழக்கம்போலத்தான் எடுத்துக்கொண்டோம். உள்ளே இருந்தது மட்டும் வழக்கமானது இல்லை. விடியும் நேரத்தில் வரப்பை மண்வெட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மதி சொன்னான்:

"தண்ணி ஏறிடுச்சுடா. நான் வீட்டுக்குப் போயிக் கட்டையச் சாய்க்கிறேன்."

அவன் வீடு பக்கம், போய்ச் சேர்ந்துவிட்டான். என் வீடு ஊரின் மறு கோடி. என்னால் பந்தல் வரைக்கும்தான் நடக்க முடிந்தது. அங்கே கிடந்த பெஞ்சில் இடது கையை அடியில் மடக்கிக்கொண்டு சாய்ந்தேன்.

மேற்கொண்டு நடந்ததெல்லாம் அடுத்தவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தவை.

காலையில் பந்தலைப் பெருக்க வந்தவர் செல்வமணி அக்கா. போராட்டத்துக்கு முதல் நாளிலிருந்து வருபவர், என் பேச்சை நடுவில் நிறுத்தி "மைக்க விடுடா, மணி என்னாச்சு" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். பின்னாளில் அவரே சொன்னார்.

"எலே, எந்திரிடா, பெருக்கணும்னேன். கர்ருகர்ருன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்க. வெளக்கமாத்துக் கட்டையால காலத் தட்டுனேன். அசையல. உதட்டப் பாத்தா நாவப்பழம் தின்னவன் மாதிரி இருக்கு. ரெண்டு அறை விட்டேன். மனசுல வெச்சுக்காத."

அந்தப் பக்கம் டீ குடிக்க வந்த ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரின் காரில்தான் என்னை ஏற்றினார்களாம். முதல் நாள் மாலை அவரை நான் மைக்கில் கிழித்திருந்தேன். "பந்தல்ல ஒரு உசுரு போச்சுன்னா எங்க மேலதான்யா எழுதுவீங்க. தூக்குங்க, தூக்குங்க" என்று அவரே என் கால்களைப் பிடித்துத் தூக்கினாராம்.

பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலிலேயே கேட்ட கேள்வி, "பூச்சிமருந்தா?" எங்கள் மாவட்டத்தில் என் வயதுப் பையனை மயக்கத்தில் தூக்கி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கூட வந்தவர்களும் ஆமாம் என்றே தலையாட்டினார்கள். பணி டாக்டர் ஒரு இளம்பெண். கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து உள்ளே போனாலும் அப்படித்தான் சுருங்குமாம். ஆனால் வாயில் நுரை இல்லை, நெடி இல்லை, வியர்வை இல்லை. மூச்சு மட்டும் வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்தது. சட்டைப் பையைப் பார்க்கச் சொன்னார். காலி அட்டைத் துண்டு இருந்தது.

எனக்குப் போட்டது நலாக்ஸோன் என்ற ஊசி. அதைப் பற்றி டாக்டர் பிற்பாடு எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அந்த வகை மாத்திரை மூளையில் மூச்சைக் கவனிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அளவு மீறினால் மூச்சு விடவேண்டும் என்ற நினைப்பே உடம்புக்கு மறந்துபோகிறது. ஊசி அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காருகிறது. ஆனால் ஊசி சீக்கிரம் எழுந்து போய்விடும், மாத்திரை மறுபடி வந்து உட்காரும். அதனால் ஒருமுறை கண் திறந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. பக்கத்திலேயே ஆள் இருந்து பார்க்க வேண்டும்.

கண் திறந்ததும் குளிர், வாந்தி, உடம்பெல்லாம் முறுக்கு. நான் சொன்ன முதல் வார்த்தை "மதி". டாக்டர் குனிந்து, "அவரும் சாப்பிட்டாரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர், அதற்குள் வந்துவிட்டிருந்த என் அம்மாவைப் பார்த்து, "அந்தப் பையனை உடனே தூக்கிட்டு வரச் சொல்லுங்கம்மா" என்றார். அதற்குள் விபத்துக் கேஸ் ஒன்று வர, அங்கே ஓடினார்.

அம்மா தாழ்வாரத்துக்கு வந்து மதி வீட்டுக்குப் போன் போட்டாள். சுற்றி ஊர்க்காரர்கள். ஒவ்வொருவர் காதும் அம்மாவின் போன் பக்கமே இருந்தது.

"அக்கா, மதி எங்க?"

"தூங்குறான் மல்லிகா. ராத்திரி முறையில்ல? அவன் வுடுற கொறட்டைல ஓடு பறந்துடும்போல இருக்கு. எதுக்குக் கேக்குற?"

"இல்லக்கா. சும்மாதான்."

அம்மாவைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். கூட்டத்துக்கு நடுவில் மாத்திரை என்ற சொல் அவள் வாயில் வராது. அதைவிட, அந்தக் குறட்டை அவளுக்கு நல்ல சேதியாகக் கேட்டது. என் பிள்ளைக்கு மூச்சே இல்லை, அந்தப் பிள்ளை ஓடு பறக்கக் குறட்டை விடுகிறான் என்றால் பிழைத்துக்கொண்டான் என்றுதானே தோன்றும்? திரும்பி வந்த டாக்டரிடம், "நல்லாத் தூங்குறானாம்மா, கொறட்டை விட்டுக்கிட்டு" என்றாள்.

டாக்டர் முகம் மாறியதாம். "குறட்டையா? திரும்பப் போடுங்க. எழுப்பச் சொல்லுங்க. போடுங்கம்மா."

திரும்பப் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குச் சொல்லப்படவில்லை. அதற்குள் மறுபடி மயங்கிவிட்டேன். கண் விழித்தபோது முகத்தில் ஆக்சிஜன் மூடி. வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகியிருந்தது. அசையாமல் கிடந்ததில் கைச் சதை நசுங்கி, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. இடது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்கியது, விரலைத் தூக்கு என்றால் விரல் என்னை யாரோபோல் பார்த்தது. தினம் ரத்தம் எடுப்பார்கள், கிரியாட்டினின் என்று ஒரு அளவு சொல்வார்கள். அது ஏறினால் சிறுநீரகம் சோர்கிறது, இறங்கினால் தேறுகிறது என்று அர்த்தம். அம்மா அந்த அளவை ஆற்றில் தண்ணீர் வரத்து கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே எடுக்க நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் வரிசையில் விட்டுவிடுவார்கள். அங்கே எல்லோரும் எல்லோரிடமும் என்ன நோய் என்று கேட்பார்கள். அம்மா முந்திக்கொண்டு "சளிங்க, நெஞ்சுச் சளி" என்பாள்.

ஊருக்கும் அதே சளிதான். அப்பா மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், தொங்கிய கையைப் பார்த்தார். "சாப்டியா?" என்றார். நான் ம் என்றேன். தரையில் உட்கார்ந்திருந்த அவர் அறைக்கூட்டாளிகளின் பேச்சு பின்னால் கேட்டது. அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது யாரோ பக்கத்தில் இருப்பதுபோல இருந்திருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் ஜவுளிக்கடை பாய் ஒருவர், சர்க்கரையில் காலில் புண். சாப்பிட்டுப் படுத்தால் குறட்டை வார்டையே நிரப்பும். அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அசந்து தூங்குவார். "எப்படிம்மா இந்தச் சத்தத்துல தூங்குறீங்க?" என்று கேட்டேன். "அந்தச் சத்தம் நின்னாத்தான் தம்பி எனக்குத் தூக்கம் போவும்" என்று சிரித்தார். பாய் எனக்கு ஆரஞ்சு உரித்துத் தருவார். இடது கை உதவாததால் என்னால் உரிக்க முடியாது. "ஒரு கையில்லாதவனும் ஒரு காலில்லாதவனும் சேந்தா ஒரு முழு ஆளுப்பா" என்பார். எனக்கு வந்த முழுப் பேச்சுத்துணை அவர்தான்.

வேறு யாரும் வரவில்லை. போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். மதி ஏன் வரவில்லை என்று கேட்டால், "நடவு நடக்குதுல்ல" என்பாள். நடவுக்கு இன்னும் நாள் கிடந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பொய்யைச் சொல்கிறவரை அவன் வயலில் நிற்கிறான்.

ஆக்சிஜனை எடுத்த அன்று அவளே சொன்னாள். "மதி இல்லப்பா. அன்னிக்கே." போன் பேசியது, டாக்டர் மறுபடி போடச் சொன்னது, எல்லாவற்றையும் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஊரில் மாரடைப்பு என்று பேச்சாம். அன்றே எடுத்துவிட்டார்களாம். "தூக்கத்துலயே போயிட்டான், கஷ்டமில்லாமப் போயிட்டான்னு அக்கா அதையே சொல்லிச் சொல்லித்தான் ஒக்காந்திருக்கு. நீ ஏதாச்சும் சொல்லிக் கெடுத்துடாத எழிலு."

அன்றுதான் போனையும் கொடுத்தாள். நான் தொடங்கிய குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. பந்தலில் போதைக் கூட்டம் என்று எதிராளி பேசுவதற்கு இடம் கொடுக்க முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். முகம் பார்த்து ஒருவர்கூட "என்னடா ஆச்சு" என்று கேட்காததுதான் உறுத்தியது. ஓயாமல் பேசுகிற வாய் எனக்கு. அந்த வார்டில் அதற்கு வேலையே இல்லாமல் போனது. டாக்டரிடம் மட்டும் ஒன்று கேட்டேன், அந்தக் குறட்டை என்னவென்று. அவர் சொன்னார்.

பிறகு ஒரு பகலில் மதியின் அம்மா வந்தார். கமலா அத்தை. ரத்த உறவு இல்லை, கூப்பிட்டு வளர்ந்த உறவு. கையில் தூக்குச்சட்டி. எங்கள் அம்மா எழுந்து நின்றாள், உட்காரச் சொல்ல மறந்தாள்.

"பருப்புத் தொவையலும் ரசஞ்சாதமும். இங்க என்னத்தப் போடுவாங்க ஒனக்கு" என்று அத்தை திறந்து வைத்தார். மதிக்குப் பிடித்த துவையல். நான் வலது கையால் பிசைந்தேன். அவர் என் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்க வருமா?"

"வருமாம் அத்தை. நரம்பு வளர நாளாகுமாம்."

"ம்." துவையலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "எழிலு, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காலைல ஒங்கம்மா எதுக்குப் போன் பண்ணுச்சு?"

ஜன்னலோரம் நின்ற அம்மா, "சும்மாதான்க்கா..." என்று தொடங்கினாள்.

"நான் அவனக் கேக்குறேன் மல்லிகா."

அத்தை குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரில புள்ளயப் போட்டுட்டு எவளாவது சும்மா போன் பண்ணுவாளா? படுத்தா இதான் ஓடுது. எம் புள்ள எங்கன்னு ஏன் கேட்டா? அவன் எப்படி இருக்கான்னு ஏன் கேக்கல? எங்கன்னு ஏன் கேட்டா?"

மேடையில் எனக்கு வார்த்தை முட்டிக்கொண்டு வரும். அன்று ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. மாத்திரையைச் சொன்னேன். இரண்டு பேரும் எடுத்ததைச் சொன்னேன். டாக்டர் அவனைத் தூக்கி வரச் சொன்னதைச் சொன்னேன்.

"கொறட்டை வுட்டானே" என்றார் அத்தை.

டாக்டர் எனக்குச் சொன்னது மனதில் தயாராக இருந்தது. மயக்கத்தில் தொண்டையும் நாக்கும் தளர்ந்து மூச்சு வழியை அடைக்கும், மிஞ்சிய இடுக்கில் காற்று இழுபடுகிற சத்தம் அது. அப்படிக் கேட்டால் உடனே தட்டி எழுப்ப வேண்டும், எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். உங்களுக்காக இங்கே முழுதாக எழுதுகிறேன். அத்தையிடம் அவ்வளவு சொல்ல முடியவில்லை.

"அது தூக்கம் இல்ல அத்தை."

அத்தை தூக்குச்சட்டியின் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "மிக்சி போடல நானு. புள்ள முழிச்சுக்குவான்னு அம்மிலதான் அரைச்சேன். இதே தொவையல்தான். பால்காரன் மணி அடிச்சான், ஓடிப்போயித் திட்டுனேன்." மூடி நின்றது. "அப்பறம் கொறட்டை நின்னுச்சு. அப்பாடா, இப்பத்தான் புள்ள அசந்து தூங்குதுன்னு நெனச்சேன்."

அம்மா அழத் தொடங்கினாள். "நான்தான்க்கா சொல்லல. ஆளுங்க நின்னாங்க. வாய் வரல. கொறட்டை வுடுறான்னு நீங்க சொன்னதும் எனக்கு உசுரு வந்துச்சுக்கா."

அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். மன்னிக்கிற பார்வை இல்லை, சபிக்கிற பார்வையும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் எழுப்பியிருப்பேனோ என்னமோ. முறை பாத்துட்டு வந்து படுத்த புள்ள."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தார். மிச்சம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சட்டியைக் கழுவிக் கொண்டுவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து, மூடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். வரேன் என்று சொல்லவில்லை.

வாசல் பக்கம் நடந்தவர் பாயின் கட்டிலருகில் நின்றுவிட்டார். பாய் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கத்தில் இருந்தார். வாய் திறந்து, மார்பு ஏறி இறங்க, சத்தம் வழக்கம்போல வார்டை நிரப்பியது. அத்தை குனிந்து பார்த்தார். பிறகு அவர் தோளில் கைவைத்து அசைத்தார். நிற்காமல் அசைத்தார். பாயின் மனைவி ஸ்டூலிலிருந்து திடுக்கிட்டு எழுந்தார்.

பாய் கண்ணைத் திறந்து, "யாரும்மா? என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க" என்றார் அத்தை. "தூங்குங்க."

அப்புறம் அடுத்த கட்டிலுக்குப் போனார்.